அழையாத வீடு

எங்கள் சபையில் புதுவருஷ ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வருவார்கள். சபைப் போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. தாம்பாளத்தில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்துப் போட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருஷம் முழுவதற்கும் கடவுள் அவரவருக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் கிண்டிக் கிளறினால் ஐயரம்மாவுக்குப் பிடிக்காது. கண்ணை மூடிக் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு நகர வேண்டும்.

என் மகள் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு கையால் எடுத்தேன். எழுத்துக்கூட்டும் முன்னே பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்து உரக்க வாசித்துவிட்டாள். “உங்களை அழைக்கிறவர் உண்மையுள்ளவர், அவர் அப்படியே செய்வார்.”

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். “பாத்தியா மக்கா, கர்த்தரே எழுதிக் குடுத்திட்டாரு. இந்த வருஷம் ஒன்னை அழைக்க வருவாராக்கும்” என்றாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி என் மகளின் கன்னத்தைக் கிள்ளி, “அப்பா வாராரு, அப்பா வாராரு” என்று கொஞ்சினாள்.

இதை இன்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அழைக்கிறவர் என்றால் கடவுள் என்பது ஓய்வுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நான் வாத்திச்சிப் பரீட்சை எழுதித் தேறியவள். ஆனால் பிள்ளை பெற வந்து பிறந்த வீட்டிலேயே தங்கிப்போன ஒருத்திக்கு அழைக்கிறவர் வேறு யார்? தலைப்பிரசவம் முடிந்தால் மாப்பிள்ளை வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும். அதற்குப் பெயரே அழைப்பு. ‘உங்களை’ என்றால் என்னையும் பிள்ளையையும். ‘அவர்’ என்றால் அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை. வீட்டிலும் வெளியிலும் எனக்கு அவர் என்றால் ஒரே ஆள். கடவுளுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம் என்பது அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என் வீடு பூதப்பாண்டிக்கு அருகே, வயல்களுக்கு நடுவில். அவர் வீடு மேற்கே, குழித்துறைக்குப் பக்கத்தில். பஸ்ஸில் போனால் அரை நாள் பயணம், ஆனால் பேச்சில் வேறு நாடு. நாங்கள் அழைக்க என்பதை அவர்கள் விளிக்க என்பார்கள். அழுவதைக் கரைவது என்பார்கள். முதல் வாரம் மாமி என்னைப் பார்த்து, “ஏட்டி, கிணத்தங்கரையில ஆரோ விளிக்குது, கேக்கல்லியா?” என்றார். விளக்கைக் கேட்கிறார் என்று நினைத்து நான் விளக்கைத் தேடினேன். அதைச் சொல்லிச் சொல்லி மாமி ஒரு மாதம் சிரித்தார்.

மாமி என்னிடம் அன்பாக இருந்தார். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருமகளைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற ஜாதி இல்லை. மரச்சீனிக் கிழங்கு வேகவைத்தால் நடுத்துண்டு எனக்குத்தான். வாந்தியெடுத்துக் கிடந்த நாட்களில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏழாம் மாதம் அப்பா வந்து என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது, மாமி பஸ் நிற்கிற இடம்வரை நடந்து வந்தார். “பெத்து எழும்பினதும் வந்திரணும், கேட்டியா” என்றார். அவர் என் பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கி வந்து, “நான் வந்து விளிச்சிட்டுப் போவேன்” என்றார். நான் அதை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, சொன்னது புருஷன்.

அவர் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். மகளின் ஞானஸ்நானத்துக்கு வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படம் பிடிப்பவருக்கு முன்னால் உட்கார்வதுபோல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். கூரை மாற்ற வேண்டும், மழை கழிந்ததும் பார்க்கலாம் என்றார். சாயங்காலம் அப்பாவோடு வயல்பக்கம் நடந்து போனார். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் ஜெபித்து எழுந்த முகமாக இருந்தது. மாமனும் மருமகனும் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஏதோ ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அவருக்கு அழைப்பு வந்ததாம். ரப்பர்த் தோட்டத்துக் கூலிக்காரர்களுக்கும் மலையில் இருக்கிறவர்களுக்கும் சுவிசேஷம் சொல்லக் கீரிப்பாறைக்கு மேலே போய்விட்டாராம். சொன்னவர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், அதில் பொய்யில்லை. ஊழியக்காரன் மனைவி என்றால் எங்கள் பக்கத்தில் சும்மாவா? மலையில் ஒரு குடிசை போட்டதும் வந்து கூட்டிப்போவார், நானும் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன் என்று மனக்கோட்டை கட்டினேன். எங்கள் சபையில் ஊழியக்காரனுக்குப் பெண்டாட்டி கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஐயரே ஆறு பிள்ளை பெற்றவர்.

எங்கள் வயல் வரப்பில் நின்றால் அந்த மலை தெரியும். மேகம் இல்லாத நாளில் தோட்டத்துப் புகைக்கூண்டிலிருந்து புகை வருவதுகூடத் தெரியும். அவ்வளவு பக்கம். அவர் சொந்த ஊரைவிட என் வீட்டுக்குத்தான் பக்கம். பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவேன். யாரோ இறங்குவார்கள்.

இப்படியே புத்தாண்டு வந்தது, அந்த அட்டையும் கைக்கு வந்தது. அட்டை வந்தபிறகு நான் கவலைப்படுவதையே விட்டுவிட்டேன். பிள்ளைக்கு இரண்டு உடுப்பு தைத்தேன். மாமிக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கி வைத்தேன். பெட்டியைத் துடைத்து எல்லாவற்றையும் அடுக்கினேன். அம்மா தினமும் ஜெபத்தில் அந்த வசனத்தைச் சொல்லிக் கடவுளை நெருக்குவாள். “அப்பிடியே செய்வேன்னு சொன்னீரே ஆண்டவரே” என்பாள். அப்பா டீக்கன், சபை விஷயங்களில் ஐயருக்கு அடுத்த ஆள் அவர்தான். குடும்ப ஜெபத்தில் முடிவு ஜெபம் அவருடையது. ஆமென் என்பார். பாயைச் சுருட்டுவார்.

சிலர் என்னிடம், நீயே கிளம்பிப் போய்விடேன், குழித்துறை என்ன கடல்தாண்டியா இருக்கிறது என்றார்கள். அம்மா விடமாட்டாள். “அழையாத வீட்டுக்கு நுழையாதேன்னு சும்மாவா சொன்னாங்க. தானா போனவளுக்கு அந்த வீட்டுல என்ன மதிப்பு?” என்பாள். எனக்கும் அந்த ரோஷம் இருந்தது. மாப்பிள்ளை வர முடியாவிட்டால் மாமியார் ஒரு ஆளை விட்டு அழைக்கலாம், அதுவும் அழைப்புதான். அந்தப் பக்கமிருந்து ஒரு ஆளும் வரவில்லை. மகன் மலைக்குப் போனான் சரி, பஸ் நிற்கிற இடம்வரை நடந்து வந்த மாமிக்குக்கூட ஒரு ஆளை விட மனம் வரவில்லையே என்பது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சில நாள் அவரைவிட மாமிமேல்தான் கோபம் அதிகமாக வந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் கிறிஸ்துமஸைவிடப் பெரிய நாள் அதுதான். வயலில் விளைந்தது, தோட்டத்தில் காய்த்தது, கூட்டில் வளர்ந்தது எல்லாவற்றிலும் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம், அதன்பின் சாப்பாடு. அதற்கு முந்தின ஞாயிறு, மலை ஊழியத்திலிருந்து ஒருவர் சிறப்புச் செய்தி கொடுக்க வருகிறார் என்று ஐயர் அறிவித்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, “மாப்பிள்ளைதான் வாராரு” என்றார்.

அம்மா அன்றே முறுக்குக்கு மாவு இடித்தாள். புகுந்த வீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகக்கூடாதே. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சுட்டுக்கொடுத்தார்கள். பெட்டியை வாசல்பக்கம் கொண்டுவந்து வைத்தேன். அப்பா அந்தப் பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

பண்டிகை அன்று மகளுக்குப் புது உடுப்பு போட்டுப் பெண்கள் பக்கம் முன்பாயில் உட்கார்ந்தேன். அவர் பிரசங்க பீடத்தில் ஏறினார். இளைத்திருந்தார். தாடி வைத்திருந்தார், அது அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை. வேதத்தைத் திறந்து ஆதார வசனத்தை வாசித்தார். என் அட்டையில் இருந்த அதே வசனம்.

இது கடவுள் செயல் இல்லையென்றால் வேறு எது என்று நினைத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அவர் பேசத் தொடங்கினார். கடவுள் தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததைச் சொன்னார். ஆபிரகாம் தன் மகனைப் பலிபீடத்தில் கிடத்தியதைச் சொன்னார். பிறகு சொன்னார்: “எனக்கும் இளம் மனைவி உண்டு, கைக்குழந்தை உண்டு. கர்த்தர் அவர்களை என்னிடம் கேட்டார். நான் கொடுத்துவிட்டேன். குடும்ப வாழ்க்கையை விட்டுத் தனியாளாய் அவருக்கு ஊழியம் செய்வேன் என்று பொருத்தனை பண்ணினேன். இந்தச் சபையின் டீக்கனாகிய என் மாமனார், ‘நீங்க போங்க, அவங்களை நான் பார்த்துக்கிடுதேன்’ என்று மனமுவந்து என்னை விடுதலை செய்தார். அந்த வீட்டாரின் தியாகத்துக்காக ஸ்தோத்திரம்.”

ஆண்கள் பக்கமிருந்து ஆமென் என்று சத்தம் வந்தது. பெண்கள் பக்கத்தில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் என் மடியில் நின்றுகொண்டு என் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து வெளியே போகக்கூடத் தோன்றவில்லை. ஊரே கேட்க, என் தலைவிதியை எனக்குப் பிரசங்கத்தில் அறிவிக்கிறார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, எங்கள் வீடு வேதக்கார வீடு என்றாலும் அந்தப் பழமொழி தெரியாத வீடு இல்லை. தேங்காய் நான். உடைத்தவர்கள் என் புருஷனும் என் அப்பாவும்.

முற்றத்தில் ஏலம் தொடங்கிவிட்டது. ஒரு மட்டி வாழைக்குலையைத் தூக்கிப்பிடித்து ஒருதரம், இரண்டுதரம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் ஆலயத்தின் பக்கவாசலில் நின்றார். நான் நேரே போனேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?” என்றேன்.

“ஒன்னைக் கேட்டா நீ கரைவ. நீ கரைஞ்சா எனக்குப் போவ முடியாது” என்றார். எவ்வளவு நேர்மையான மனிதர் பாருங்கள்.

“அழைச்சிட்டுப் போறேன்னு பஸ் பக்கத்துல நின்னு சொன்னது கர்த்தரா, நீங்களா?”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “அவரு உண்மையுள்ளவரு. ஒன்னையும் பிள்ளையையும் கைவிடமாட்டாரு.”

“அவரு கைவிடமாட்டாரு, அது எனக்குத் தெரியும். நான் கேட்டது ஒங்களை.”

மகளின் தலையில் கையை வைத்து ஆசீர்வதித்தார். சபையில் எந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் நீட்டினாலும் அப்படித்தான் ஆசீர்வதித்திருப்பார். அதற்குள் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அம்மா அடுப்படியில் நின்றாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

“எப்ப அவருகிட்ட சொன்னீங்க?”

“ஞானஸ்நானத்துக்கு வந்தாருல்லா. அப்பம்.”

“அப்போ புதுவருஷத்துல அட்டை எங்கையில வந்தப்ப ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நாங்க நாள்தோறும் ஜெபம் பண்ணினப்பவும் தெரியும்.”

அப்பா துண்டை மடித்தார். “வசனத்தை எப்பிடி மக்கா நான் பொய்யின்னு சொல்லுவேன்?” என்றார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “நீ அந்த வீட்டுல போயி இருந்தா அவரு மனசு திரும்பிரும். ஒன்னைப் பாக்க வருவாரு, பிள்ளையப் பாக்க வருவாரு, பொறவு அங்கேயே இருந்திருவாரு. ஊழியம் நின்னுபோகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.”

என்னைப் பெற்ற அப்பா அவர். காய்ச்சல் கண்டால் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடியவர். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் அந்நியர்கள் செய்வது என்று நினைத்திருந்தேன். அம்மா முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்குவைத்துவிட்டு வந்தாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை.

மறுநாள் வேதப்புத்தகத்தை எடுத்து அந்த வசனத்தைத் தேடினேன். அதுவரை தேடியதே இல்லை; அட்டைதான் கையில் இருந்ததே. தெசலோனிக்கேயருக்கு எழுதின நிருபத்தின் கடைசியில் இருந்தது. வாத்திச்சி அல்லவா, வாக்கியத்தை வாக்கியமாகப் படித்தேன். ‘அவர் அப்படியே செய்வார்.’ அப்படியே என்றால் எப்படியே? அந்தச் சொல் தனியாக நிற்காது. முன்னால் ஏதாவது சொல்லியிருந்தால்தான் அப்படியே என்று சொல்ல முடியும். மேலே பார்த்தேன். கடவுள் நம் ஆவியையும் ஆத்துமாவையும் சரீரத்தையும் குற்றமில்லாமல் காக்க வேண்டும் என்று அதற்கு முந்தின வசனத்தில் எழுதியிருந்தது. அதைத்தான் அப்படியே செய்வார். ஒருத்தியைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைப்பதாகவும் இல்லை, ஒருவனை மனைவியிடமிருந்து பிரித்து மலைக்கு அனுப்பிவைப்பதாகவும் இல்லை. அம்மா அந்த அப்படியேக்குள் என் பெட்டியை வைத்தாள். அவர் தன் மலையை வைத்தார். அப்பா மருமகனின் ஊழியத்தை வைத்தார். நானும்தான் வைத்தேன், என் பங்குக்கு ஒரு குடிசை.

ஐயரிடம் போனேன். அவர் தோட்டத்தில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இதுக்கு முந்தின வசனத்தை ஏன் அட்டையில எழுதல?”

அவர் யோசித்துவிட்டு, “அட்டை சின்னதுல்லா மக்கா” என்றார்.

அதற்குமேல் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது. “அழைக்கிறவர் உண்மையுள்ளவர்னுதான் எழுதியிருக்கு. அழைக்கப்பட்டவன் உண்மையுள்ளவன்னு எங்கயாவது எழுதியிருக்கா?” என்று கேட்டேன். ஐயர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “அப்பிடியெல்லாம் பேசக்கூடாது” என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

அன்று புரிந்ததுதான் அந்த வசனத்தைப் பற்றி எனக்குப் புரிந்தது. அழைக்கிற இடத்தில் உண்மை இருக்கிறது. அது புறப்பட்டு நம்மிடம் வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் வாய் மாறுகிறதோ, யார் கண்டார்? ஆனால் புரிந்துவிட்டால் ஆறிவிடுமா? ஆறவில்லை. கடவுள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இவர்களையெல்லாம் தன் பெயரைச் சொல்லிப் பேசவிட்டுவிட்டு அவர் சும்மா இருந்தாரே என்ற கோபம் எனக்கு இருந்தது.

சபைப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வருஷங்கள் போயின. அவர் மலையையும் விட்டு எங்கோ வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். கூட்டங்களில் என்னைக் காட்டி, இந்தச் சகோதரியின் தியாகம் என்று பேசுவார்கள். நான் எதையும் தியாகம் செய்யவில்லை. என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தார்கள். புதுவருஷத் தாம்பாளம் வரும்போது பிள்ளைக்குப் பசிக்கிறது என்று எழுந்து வெளியே வந்துவிடுவேன். அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தேன், சோறு போட்டேன், துணி துவைத்தேன். தேவைக்குமேல் பேசவில்லை. அந்த வீட்டில் இருந்தபடியே, மேற்கிலிருந்து ஒரு ஆளாவது என்னைத் தேடி வரமாட்டானா என்று உள்ளுக்குள் ஒரு எளிய ஆசை கிடந்தது. மாமி ஒருமுறை கூப்பிட்டால் போதும், அவர் இல்லாவிட்டால் போகிறது, அந்த வீடாவது எனக்கும் என் மகளுக்கும் வீடாக இருக்கும். மாமி கூப்பிடவில்லை. எல்லாத் துரோகத்திலும் அதுதான் பெரிது என்று எனக்குப் பட்டது. மற்றவர்கள் கடவுளைச் சாக்குச் சொன்னார்கள். மாமிக்கு அந்தச் சாக்கும் இல்லை.

எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், மேற்கே சந்தைக்குப் போய்வரும் வெற்றிலை வியாபாரி ஒருவர் சொன்னார், என் மாமி கிணற்றடியில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறார் என்று. கண்ணும் சரியாகத் தெரியவில்லையாம், அண்டை வீட்டார்தான் கஞ்சி ஊற்றுகிறார்களாம். கேட்டதும் எனக்கு, நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு நாள் அந்த நினைப்போடு இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மகளுக்குத் தலைசீவிவிட்டுக் கிளம்பினேன்.

அம்மா பழைய பழமொழியை எடுத்தாள். அழைக்காவிட்டால் போகிறது, விழுந்து கிடக்கிறவளுக்கு யார் அழைப்பு எழுதுவது என்றேன். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “போகாண்டாம் மக்கா. வேணும்னா நான் போய்ப் பாத்துக் காசு குடுத்திட்டு வாறேன்” என்றார். அவர் குரலில் நடுக்கம் இருந்தது. வயதாகிவிட்டது, மகள் மானம் கெட்டுப் போகிறாளே என்று பதறுகிறார் என்று நினைத்தேன். விலகிப் போங்க என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீடு அப்படியே இருந்தது, கூரை மட்டும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மாமி கட்டிலில் கிடந்தார். கால் சத்தம் கேட்டு, “ஆரு?” என்றார்.

“நாந்தான் மாமி.”

குரல் தெரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இப்பந்தான் வழி தெரிஞ்சுதோ?”

திட்டுவதற்கு எனக்குத்தான் பாத்தியதை உண்டு என்று நினைத்து வந்தவள் நான்.

“எத்தன தடவ ஆள விட்டு விளிச்சேன்” என்றார் மாமி, சுவரைப் பார்த்தபடியே. “அவன் மலைக்குப் போனா போட்டும், நீயும் கொச்சுப்பிள்ளையும் எனக்க கூட இருங்கோன்னு பறஞ்சு விட்டேன். எனக்க தம்பிய விட்டேன். அடுத்த வீட்டுக்காரிய விட்டேன். ஆரு போனாலும் ஒனக்க அப்பன் வயலு வழியிலேயே மறிச்சு ஒரே பதிலு, அவளுக்கு அந்த வீட்டுல வந்து இருக்க மனசில்லன்னு. போன ஓணத்துக்கு நானே பஸ்சு ஏறி வந்தேன். நீ ஸ்கூலுக்குப் போயிருக்கியாம். பேத்திய ஒரு நோக்கு கண்டிட்டுப் போறேன்னு கேட்டேன், அவளும் போயிருக்காளாம். இனி வராண்டாம், அவளுக்கு அது இஷ்டமில்லன்னான். அண்ணைக்கு பஸ்சுல இருந்து கரைஞ்சிட்டே வந்தேன். உள்ள சாபம் எல்லாம் ஒனக்க தலையில போட்டேன்.”

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். என் மகள் பயந்து என் முதுகில் ஒட்டிக்கொண்டாள்.

“எங்கிட்ட யாரும் சொல்லல்ல மாமி” என்றேன். “நீங்க விளிச்சது எனக்குக் கேக்கவே இல்ல.”

மாமி முகத்தைத் திருப்பிக் கையை நீட்டித் துழாவினார். கையில் அகப்பட்டது என் மகளின் தலை. அதைத் தடவிக்கொண்டே, “அப்பம், விளி கேக்காதவளயா நான் இத்தற வருஷமும் ஏசினேன்?” என்றார்.